வீடு நனைந்தாலோ எரிந்தாலோ பூஞ்சை பிடித்தாலோ எதை முதலில் செய்வது?

வீட்டுக்குள் வெள்ளம் வந்துபோயிருந்தாலும் சரி, தீப்பிடித்து அணைத்திருந்தாலும் சரி, ஊரில் இல்லாத நேரத்தில் ஒரு குழாய் உடைந்து இரண்டு நாள் ஓடியிருந்தாலும் சரி, கதவைத் திறந்து பார்க்கிற அந்த நிமிடத்தில் கை தானாகத் துடைப்பத்தைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். இந்த வேலையில் அவசரப்பட வேண்டிய இடமும் உண்டு, அவசரமே படக்கூடாத இடமும் உண்டு, பெரும்பாலானவர்கள் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். தண்ணீரை வெளியேற்ற வேண்டிய முதல் இரண்டு நாள் அழுதும் அலைந்தும் கழிந்துவிடும். சுவர் உலரக் காத்திருக்க வேண்டிய மாதங்களில் பெயிண்ட் டப்பாவோடு நிற்பார்கள்.

நானும் அப்படித்தான் நின்றேன். குளியலறைச் சுவருக்குள் போகிற குழாய் கசிந்து பக்கத்து அறை முழுக்க நனைந்தது. துடைத்து, இரண்டு மின்விசிறி வைத்து, மூன்றே வாரத்தில் பட்டி பார்த்துப் பெயிண்டும் அடித்தாயிற்று. அடுத்த மாதம் சுவரில் அம்மை போட்டதுபோல் கொப்புளங்கள். ஒன்றை நகத்தால் கீறினேன், உள்ளேயிருந்த தண்ணீர் விரல் வழியே முழங்கை வரைக்கும் வழிந்தது. பூசியது முழுவதையும் சுரண்டி எடுத்து முதலிலிருந்து தொடங்கினோம். கீழே எழுதியிருப்பதில் பாதி அந்தச் சுவர் சொல்லிக்கொடுத்தது.

உள்ளே போகும் முன்

முதல் வேலை மின்சாரம். மெயின் சுவிட்ச் உலர்ந்த இடத்தில் இருந்து, நீங்களும் உலர்ந்த தரையில் நிற்க முடிந்தால் மட்டும் அதை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டோ தண்ணீரில் நடந்துபோயோ தொடவே வேண்டாம், மின்வாரியத்தைக் கூப்பிட்டு வெளியிலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். பலரும் மறந்துபோவது இன்வெர்ட்டரை. மெயினை அணைத்தாலும் பேட்டரியிலிருந்து வீட்டு வயர்களில் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், உண்மையில் மெயின் போனதும்தான் அது விழித்துக்கொள்ளும். கூரையில் சோலார் பலகை இருந்தால் வெயில் இருக்கும்வரை அதிலிருந்து வரும் வயரில் மின்சாரம் உண்டு. இரண்டையும் தெரிந்தவரை வைத்துத் துண்டித்துவிட்டுத்தான் அடுத்த அடி.

எரிவாயு வாசனை வந்தால் உள்ளே போகாதீர்கள், சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தீப்பிடித்த வீடு என்றால் தீயணைப்புத் துறையினர் போகலாம் என்று சொன்ன பிறகே போக வேண்டும். அணைந்ததாக நினைத்த தீ சோபாவின் பஞ்சுக்குள்ளும் பொய்க்கூரைக்கு மேலேயும் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருந்து மறுபடி பற்றிய கதைகள் நிறைய. கூரை தொப்பை விழுந்தமாதிரி தொங்கினால் மேலே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம், அதன் கீழே நிற்காதீர்கள். புதிதாக விரிசல், சாய்ந்த தூண், மூட முடியாமல் இறுகிப்போன கதவு என்று எதைக் கண்டாலும் கட்டடப் பொறியாளர் வந்து பார்க்கட்டும்.

உடம்பில் முழுக்கால் பூட்ஸ், ரப்பர் கையுறை, கண்ணுக்குக் காற்றுத் துளை இல்லாத கண்ணாடி, மூக்குக்கு என்95 மாஸ்க். கைக்குட்டை கட்டினால் மனத்திருப்தி மட்டும்தான், பூஞ்சை வித்துகளும் புகைக்கரித் துகளும் அதில் நிற்காது. வெள்ளம் வடிந்த வீட்டில் அலமாரிக்கு அடியிலும் பாத்திரத்துக்குள்ளும் பாம்பு ஒதுங்கியிருக்கலாம், கையை விடுவதற்கு முன் கோலால் தட்டிப் பாருங்கள். ஜெனரேட்டர் வைப்பதானால் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, ஜன்னல் பக்கம் புகை போகாதபடி வையுங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வெள்ளத்துக்குத் தப்பியவர்களை அது தூக்கத்திலேயே கொன்றிருக்கிறது.

எதையும் நகர்த்தாமல் படம் எடுங்கள்

ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும், அதன் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்து ஒரு படம். இயந்திரங்களின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் எடுங்கள். காப்பீடு இருந்தால் அன்றைக்கே தகவல் சொல்லுங்கள், ஆனால் அவர்களுடைய ஆள் வரும்வரை தண்ணீரை இறைக்காமல் உட்கார்ந்திருக்காதீர்கள். சேதம் மேலும் பெருகாமல் தடுப்பது உங்கள் பொறுப்பு என்று பெரும்பாலான பாலிசிகளிலேயே எழுதியிருக்கும். நாறத் தொடங்கிய கம்பளத்தையும் மெத்தையையும் தூக்கிப்போடத்தான் வேண்டும். அதற்குமுன் படம் எடுத்து, கையகலத் துண்டு ஒன்றை வெட்டிப் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், தரத்தையும் ரகத்தையும் காட்ட அது உதவும்.

எந்தத் தண்ணீர் வந்தது?

சேதமான வீட்டைச் சீரமைக்கும் தொழிலில் இருப்பவர்கள் தண்ணீரை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். குடிநீர்க் குழாய் உடைந்து வந்தது முதல் வகை, சுத்தமானது. துணி துவைக்கும் இயந்திரம், பாத்திரம் கழுவும் தொட்டி ஆகியவற்றிலிருந்து வழிந்தது இரண்டாவது. சாக்கடை, ஆறு, தெருவில் ஓடிய வெள்ளம் எல்லாம் மூன்றாவது, அதைத் தொட்ட மெத்தை, தலையணை, கம்பளம், பஞ்சு வைத்த நாற்காலி எதையும் காப்பாற்ற நினைக்காதீர்கள். இன்னொன்று, சுத்தமான தண்ணீர் சுத்தமாகவே இருந்துவிடாது. இரண்டு நாள் தேங்கினால் அதுவும் அடுத்த வகைக்கு இறங்கிவிடும். வெள்ளம் கிணற்றையோ நிலத்தடித் தொட்டியையோ தொட்டிருந்தால் அந்தத் தண்ணீரை வாயில் வைக்காதீர்கள். இறைத்து, தேய்த்துக் கழுவி, குளோரின் போட்டு, பரிசோதனையும் செய்த பிறகுதான்.

தண்ணீரை வெளியேற்றுவது

இங்கேதான் அவசரம். நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை முளைக்கத் தொடங்கிவிடும். அதற்குள் தேங்கிய தண்ணீர் போய், ஊறிப்போன பொருள்களும் வெளியே போய், காற்று ஓட ஆரம்பித்திருக்க வேண்டும்.

தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிற அறையில் (பேஸ்மென்ட்) தண்ணீர் நிற்கிற வீட்டுக்கு மட்டும் இந்த அவசரம் பொருந்தாது. வெளியே மண் முழுக்க நீரில் ஊறியிருக்கும்போது உள்ளே இருக்கிற தண்ணீர்தான் சுவருக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஒரே மூச்சில் இறைத்துவிட்டால் வெளி அழுத்தம் சுவரை உள்ளே தள்ளிவிடும், தரையையும் தூக்கிவிடும். ஒரு அடி இறைத்துவிட்டு மட்டத்தில் கோடு போட்டு மறுநாள் காலையில் பாருங்கள். மட்டம் திரும்ப ஏறியிருந்தால் இன்னும் நேரம் வரவில்லை, காத்திருங்கள். ஏறவில்லையென்றால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அடி வீதம் குறைக்கலாம்.

சேறு வந்த வீட்டில், சேறு ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியால் வாரிவிட்டு மேலிருந்து கீழாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். நனைந்த வீட்டில் மேலும் தண்ணீர் ஊற்றுவதா என்று தோன்றும். காய்ந்துவிட்டால் அதே சேற்றை உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டியிருக்கும், அதைவிட இது எவ்வளவோ மேல்.

எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப்போடுவது என்பதற்கு ஒரு எளிய கேள்வி போதும்: இது தண்ணீரைக் குடிக்குமா? கண்ணாடி, எஃகு, பீங்கான், கெட்டியான பிளாஸ்டிக் குடிக்காது, சோப்புப் போட்டுக் கழுவி வைத்துக்கொள்ளலாம். மெத்தை, கம்பளம், ஜிப்சம் போர்டு, மரத்தூளை அழுத்திச் செய்த பலகை எல்லாம் ஸ்பாஞ்சுபோலக் குடிக்கும். தூள் பலகை ஒருமுறை உப்பிவிட்டால் உலர்ந்தாலும் பழைய உருவத்துக்கு வராது, திருகாணிகூடப் பிடிக்காது, மனதைத் தேற்றிக்கொண்டு வெளியே போடுங்கள். அசல் மரச் சாமான் வேறு. அதை வெயிலில் வைத்தால் வெடித்துக் கோணிக்கொள்ளும், ஆகவே நிழலில், காற்றில், மெதுவாக. இழுப்பறை சிக்கிக்கொண்டால் பலங்கொண்டு இழுக்காதீர்கள், பின்பலகையைக் கழற்றி அங்கிருந்து தள்ளி எடுங்கள்.

ஜிப்சம் போர்டுச் சுவர் தண்ணீரைத் திரிபோல மேலே உறிஞ்சும். வெள்ளக் கோட்டுக்கு மேல் குறைந்தது 30 செ.மீ. விட்டு வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே வெப்பத்தடுப்புப் பஞ்சு இருந்தால் அதையும் உருவிவிடுங்கள். பழைய கட்டடமாக இருந்து, கூரையிலோ தரையிலோ ஆஸ்பெஸ்டாஸ் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் உடைக்கவோ அறுக்கவோ வேண்டாம், அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

புகைப்படமும் பத்திரமும் தனிக்கதை. ஒன்றோடொன்று ஒட்டிய ஈரப் படங்களைப் பிய்க்கக் கூடாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மிதக்கவிட்டு, தாமாகப் பிரிந்ததும் படம் மேலே பார்க்கும்படி உலர்த்துங்கள். இப்போது நேரமில்லையா? பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்த நிலையில் பூஞ்சை வளராது, மாதக்கணக்கில் கழித்துக்கூட ஒவ்வொன்றாக எடுத்துக் காப்பாற்றலாம். நனைந்த புத்தகத்துக்கும் இதே வழிதான். நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் இப்படித்தான் நேரம் வாங்கிக்கொள்கின்றன.

உலர்த்துவது

துடைத்த தரை காய்ந்துவிட்டால் வீடு காய்ந்துவிட்டது என்று தோன்றும். தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தைவிட்டுத் தெரியாத இடத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். சமையலறை அலமாரியின் அடிப்பலகைக்குப் பின்னால், சுவரோர மரச்சட்டத்துக்குப் பின்னால், மரத்தரைக்கு அடியில், உள்ளீடற்ற கற்களின் (ஹாலோ பிளாக்) குழிக்குள் என்று எங்கெல்லாமோ ஒளிந்திருக்கும். சுவருக்குள் புதைத்த வயர்க் குழாய்களிலும் தண்ணீர் நிற்கும். என் வீட்டில் ஒரு சுவிட்ச் பெட்டியை எலெக்ட்ரீஷியன் திறந்தபோது குழாய் வாயிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது, அதுவும் கசிவு நின்று பன்னிரண்டு நாள் கழித்து. அலமாரிகளைச் சுவரிலிருந்து இழுத்துப்போடுங்கள், அடிப்பலகைகளைக் கழற்றுங்கள், உள்ளீடற்ற கல் சுவராக இருந்தால் அடிவரிசையில் சிறு துளை போட்டு வடியவிடுங்கள்.

அப்புறம் காற்று. விசிறிகளை அறை நடுவில் வைத்து நம்மேல் வீசவிடுவதில் பயனில்லை, சுவரை உரசிக்கொண்டு போகும்படி சாய்த்து வையுங்கள். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில்தான் குழப்பம் வரும். வெளியே வறண்ட காற்று அடித்தால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள், இலவச வைத்தியம். வெளியே மழை, அல்லது நசநசவென்று புழுக்கம் என்றால் திறந்த ஜன்னல் ஈரத்தை உள்ளே அழைத்துக்கொண்டிருக்கும். அப்போது மூடிவிட்டு ஈரம் உறிஞ்சும் இயந்திரம், அதாவது டீஹியூமிடிஃபையர் போடுங்கள். அது இல்லையென்றால், வெள்ளம் தொடாத ஏசி இருந்தால், அதுவும் காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து வெளியே விடும். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டே இதைப் போடுகிறவர்கள் ஊர்க் காற்றையெல்லாம் உலர்த்தக் கிளம்பியவர்கள். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்று வாங்கி அறையில் தொங்கவிடுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 30 முதல் 50 வரை இருந்தால் இன்னும் நல்லது.

சுவரில் ஈரத்தின் விளிம்பு கருமையாகத் தெரியும் அல்லவா, அதன்மேல் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை புதுக்கோடு. கோடுகள் இறங்கிக்கொண்டே போனால் சுவர் உலர்கிறது. ஒரே இடத்தில் நின்றாலோ மேலே ஏறினாலோ எங்கிருந்தோ இன்னும் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, விசிறியை விட்டுவிட்டுக் கசிவைத் தேடுங்கள். எந்த இயந்திரமும் சொல்லாத அளவுக்குத் தெளிவாக இந்தக் கோடுகள் சொல்லும்.

எப்போதுதான் உலர்ந்தது என்று எடுத்துக்கொள்வது? மரத்துக்கு ஊசி வைத்த ஈரமானி உண்டு, 16 சதவீதத்துக்குக் கீழே வந்தால் கவலை இல்லை, 20-ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வரவேற்பு. செங்கல், சிமெண்ட் சுவரில் அதே கருவி கொஞ்சம் பொய் சொல்லும். அது மின்தடையை வைத்துக் கணக்குப் போடுகிறது, சுவரில் உப்பு இருந்தால் ஈரம் இல்லாத இடத்திலும் அதிகமாகக் காட்டும். அதனால் நனையாத சுவர் ஒன்றில் வைத்துப் பார்த்து, அதோடு ஒப்பிடுவதுதான் சரி. கருவியே வேண்டாமென்றால் இன்னொரு வழி: 45 செ.மீ. சதுரமான தெளிந்த பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் இடைவெளியில்லாமல் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தாலோ அடியில் சிமெண்ட் நிறம் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. கான்கிரீட் தரைக்கென்று வந்த சோதனை இது, பூச்சுச் சுவரிலும் ஒரு குத்துமதிப்புக்குப் பயன்படும். கான்கிரீட் உலர்வதற்குக் கட்டுமானக்காரர்கள் சொல்லும் தோராயக் கணக்கு, 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம். நான் மூன்று வாரத்தில் பெயிண்ட் அடித்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

சூடேற்றி வேகமாக உலர்த்தலாமே என்று ஹீட்டரைச் சுவருக்கு நேராக வைக்காதீர்கள். மேல்பூச்சு மட்டும் காய்ந்து வெடிக்கும், மரம் பிளக்கும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்பட வேண்டாம், ஈரம் வெளியேறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். தண்ணீரால் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போய்விடும்.

மின்சார விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்

தண்ணீரில் மூழ்கிய சுவிட்ச், சாக்கெட், பிரேக்கர் எதையும் உலர்த்தித் திரும்ப மாட்டாதீர்கள். வெளியே காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே சேறும் துருவும் இருக்கும், தேவைப்படும் நேரத்தில் பிரேக்கர் விழாது. அவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும். வயர்களை மெக்கர், அதாவது வயர் உறை வழியே மின்சாரம் கசிகிறதா என்று பார்க்கும் கருவி, வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அதை முடிக்காமல் ‘ஒருதடவை போட்டுத்தான் பார்ப்போமே’ என்று மெயினைத் தூக்குகிறவர் எலெக்ட்ரீஷியனாகவே இருந்தாலும் தடுத்து நிறுத்துங்கள். குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் மெக்கானிக் பார்த்த பிறகே. எரிவாயு ரெகுலேட்டர் மூழ்கியிருந்தால் புதிது வாங்குங்கள்.

பூஞ்சை வந்துவிட்டால்

இதுவரை விசிறி விசிறி என்று சொன்னேன். பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்த அந்த நிமிடமே அந்த அறையின் விசிறியையும் ஏசியையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அதே காற்று வித்துகளை வீடு முழுக்கத் தூவிவிடும்.

அளவு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்குள், கிட்டத்தட்ட 10 சதுர அடிக்குள் இருந்தால் நீங்களே சுத்தம் செய்யலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் கணக்கு. அதைவிடப் பெரிதாக இருந்தாலோ, சாக்கடைத் தண்ணீரால் வந்ததென்றாலோ, ஏசிக் குழாய்களுக்குள் போயிருந்தாலோ ஆள் வையுங்கள். வீட்டில் ஆஸ்துமா, நுரையீரல் நோய், நோய் எதிர்ப்புக் குறைவு உள்ளவர்கள் இருந்தால் சிறிய பூஞ்சையாக இருந்தாலும் அவர்கள் இந்த வேலையில் சேர வேண்டாம், வேலை முடியும்வரை வேறு இடத்தில் தங்கட்டும்.

அறைக் கதவைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, வெளி ஜன்னலைத் திறந்து வையுங்கள். காய்ந்த துணியாலோ துடைப்பத்தாலோ தட்டாதீர்கள், முதலில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் வித்து பறக்காது. பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, துணியை மடித்து மடித்துச் சுத்தமான பக்கத்தையே பயன்படுத்தி, கடைசியில் பையில் கட்டி வெளியே போட்டுவிடுங்கள். ஓடு, கண்ணாடி, உலோகம் இத்தோடு முடிந்தது. ஜிப்சம் போர்டிலும் கம்பளத்திலும் பூஞ்சை இழை உள்ளே இறங்கியிருக்கும், அந்தப் பகுதியை வெட்டி எறிவதுதான் வழி. எல்லாம் காய்ந்த பிறகு நுண்துகளையும் பிடித்துவைக்கும் ஹெப்பா ஃபில்டர் வைத்த வாக்யூம் கிளீனரால் ஒருமுறை இழுங்கள். சாதாரண வாக்யூம் வித்துகளைப் பின்பக்கம் வழியாக அறைக்கே திருப்பி ஊதிவிடும்.

ப்ளீச் பற்றிக் கேட்காதவர் கிடையாது. சுவரில் ப்ளீச் தெளித்தால் கறுப்பு மறையும், மனசு குளிரும், ஆனால் துளையுள்ள பரப்பில் உள்ளே இருக்கிற இழைக்கு அது அவ்வளவாகப் போய்ச் சேராது, அதிலிருக்கும் தண்ணீர் மட்டும் ஊறி இறங்கும். செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைக் கிளப்பும் என்பதால் கொல்வதைவிட அகற்றுவதுதான் கணக்கு. வெள்ளநீர் தொட்ட கடினமான பரப்புகளைக் கழுவிய பிறகு கிருமிநீக்கத்துக்கு வேண்டுமானால் பயன்படுத்தலாம், 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப்புக்கு மேல் வேண்டாம். கழிவறை கழுவும் அமிலத்தோடோ அமோனியா உள்ள திரவத்தோடோ ப்ளீச்சைக் கலந்துவிடாதீர்கள், கிளம்பும் வாயு மூச்சை அடைத்துவிடும்.

என்ன வகைப் பூஞ்சை என்று ஆய்வகத்துக்கு அனுப்புவது பெரும்பாலும் வீண் செலவு. கறுப்போ பச்சையோ வெள்ளையோ, செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். அந்தப் பணத்தை ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் செலவழியுங்கள், ஏனென்றால் ஈரம் தொடர்ந்தால் நீங்கள் எத்தனை முறை துடைத்தாலும் அது அதே இடத்தில் வந்து உட்காரும். அறைக் காற்றின் ஈரம் சுவரில் படிகிறதா, சுவருக்குள்ளிருந்து ஓதம் வருகிறதா என்று பிரித்தறிய, துடைத்து உலர்த்திய இடத்தில் அலுமினியத் தாளை நான்கு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் மேல்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றுதான் காரணம், காற்றோட்டத்தைக் கவனியுங்கள். அடிப்பக்கம் ஈரமாக இருந்தால் சுவருக்குள் குழாயோ, வெளிப்பக்க விரிசலோ, அடியிலிருந்து ஏறும் ஓதமோ இருக்கிறது.

தீக்குப் பிறகு

தீப்பிடித்த வீட்டில் இரண்டு சேதம் உண்டு. ஒன்று தீயும் புகையும், இன்னொன்று அணைக்க அடித்த தண்ணீர். பலர் கரியையே பார்த்துக்கொண்டு தண்ணீரை மறந்துவிட, பத்தாம் நாள் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். தரையில் நிற்கும் தண்ணீரை மேலே சொன்னபடியே அன்றே எடுங்கள். ஆனால் சுவரை மட்டும் ஈரத்துணியால் தொடாதீர்கள். உறவினர் வீட்டில் சமையலறை எரிந்தபோது உதவிக்குப் போன நாங்கள் நாலுபேர், நல்லெண்ணத்தோடு, ஈரத்துணியால் ஒரு சுவரைத் தேய்த்தோம். மேலோட்டமாக உட்கார்ந்திருந்த கரி குழம்பாகிச் சுவரின் துளைகளுக்குள் இறங்கிவிட்டது. தொடாமல் விட்ட எதிர்ச்சுவர் பின்னால் எளிதாகச் சுத்தமானது.

முதலில் உலர்முறை. ஹெப்பா வாக்யூமின் வாயைப் பரப்பில் படாமல் ஒரு விரல் இடைவெளியில் பிடித்து உறிஞ்சுங்கள், பிரஷ் இணைக்க வேண்டாம். அடுத்து, கரி எடுப்பதற்கென்றே ரப்பரில் செய்த உலர்ஸ்பாஞ்சு கிடைக்கும். அதை நனைக்காமல், ஒரே திசையில், நீளமாக இழுக்க வேண்டும், முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. கறுத்த பக்கத்தைக் கத்தியால் மெல்லச் சீவினால் உள்ளே புதுப்பக்கம் வரும். இதெல்லாம் முடிந்து ஸ்பாஞ்சில் கரி ஒட்டாத நிலை வந்த பிறகுதான் சோப்புத் தண்ணீர். சுவரைக் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள், மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் காய்ந்த கரிமேல் ஓடிக் கோடுகோடாகக் கறை பிடிக்கும்.

புகையிலும் ரகங்கள் உண்டு. மரமும் காகிதமும் சுடர்விட்டு எரிந்தால் பொடியாக, உலர்ந்த கரி. பிளாஸ்டிக்கும் ரப்பரும் மெதுவாகப் புகைந்தால் பிசுபிசுப்பு. அடுப்பில் இறைச்சி தீய்ந்துபோனால் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு மெல்லிய மஞ்சள் படலம், ஆனால் நாற்றம் வீட்டைவிட்டுப் போகாது, எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் காரக் கரைசலால் சுவர், கூரை, அலமாரி உட்புறம் எல்லாவற்றையும் துடைத்தால்தான் போகும்.

குழாய், கைப்பிடி போன்ற உலோகங்களை முதல் நாளிலேயே கவனியுங்கள். கரியில் அமிலத்தன்மை உண்டு, அதிலும் பிவிசி வயர் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வெளிவந்து ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். துடைத்து லேசாக எண்ணெய் பூசிவிட்டால் தாங்கும். தீயணைப்பான் தூளையும் விட்டுவைக்காதீர்கள், ஈரம் பட்டால் அதுவும் அரிக்கும், உலர்ந்திருக்கும்போதே வாக்யூமால் எடுத்துவிடுங்கள்.

தீ எரியாத அறைகளிலும் வயரைச் சோதிக்க வேண்டும். சூடான புகை கூரையை ஒட்டித்தான் பரவும், வீட்டு வயர்களின் பிவிசி உறை பொதுவாக 70 டிகிரி செல்சியஸுக்குத்தான் செய்யப்பட்டது. கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அது 300 டிகிரியையாவது தொட்டிருக்கக்கூடும், அந்தச் சூட்டுக்குமேல் அதன் வலு குறையத் தொடங்கும். கம்பி தெரியும்படி சில்லுச் சில்லாகப் பெயர்ந்த கூரையின் மேல் சிமெண்ட் பூசி மறைத்துவிட்டால் ஆயிற்று என்று கொத்தனார் சொன்னால் கேட்காதீர்கள், கட்டடப் பொறியாளர் தட்டிப் பார்த்துச் சொல்லட்டும்.

நாற்றத்துக்கு வாசனைத் தெளிப்பான் அடித்தால் புகையும் மல்லிகையும் கலந்த மூன்றாவது நாற்றம் கிடைக்கும். துணிகளை வெளியே உதறி, துவைத்து, நாற்றம் முழுதாகப் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள், சூடு அதை உள்ளே பதித்துவிடும். சுவரைக் கழுவி உலர்த்திய பிறகும் வாசனை இருந்தால் கறையை அடைக்கும் ஷெல்லாக் பிரைமர் ஒரு கோட் அடித்து அதன்மேல் பெயிண்ட். ஓசோன் இயந்திரம் கொண்டுவருகிறேன் என்று யாராவது சொன்னால் மனிதர், செல்லப்பிராணி, செடி எதுவும் உள்ளே இல்லாதபோதுதான் அதை ஓட்ட வேண்டும், ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல்.

ஆள் வைப்பதானால்

சேதம் நடந்த மறுநாளே கதவைத் தட்டி ‘இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் பாதி விலை’ என்று சொல்கிறவரை அனுப்பிவிடுங்கள். மற்றவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உலர்ந்துவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்? நாள்தோறும் எந்தெந்த இடத்தில் ஈரமானி என்ன காட்டியது என்று எழுதித் தருவேன் என்பவர் வேலை தெரிந்தவர். தொட்டுப் பார்த்தாலே தெரியும் என்பவரிடம் நானும் ஏமாந்திருக்கிறேன். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள்.

பட்டியும் பெயிண்ட்டும் கடைசியில்

இரண்டாம் முறை என் அறையில் ஐந்து மாதம் காத்திருந்தோம். வீட்டில் எல்லோரும் அலுத்துக்கொண்டார்கள், வந்தவர் போனவரெல்லாம் ‘இன்னுமா?’ என்று கேட்டார்கள், சுவர் மட்டும் பென்சில் கோடுகளோடு ஒரு உயர அளவுகோல்போல நின்றது. பிளாஸ்டிக் தாளை மூன்று இடத்தில் ஒட்டிப் பார்த்து மூன்றும் உலர்ந்தே வந்த பிறகு, உப்பைத் தட்டி, பொருபொருத்த பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசி, அதுவும் காய்ந்த பிறகு பட்டி பார்த்தோம். பெயிண்ட் எடுக்கும்போது ஈரத்தை வெளியே விடும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். ரப்பர்போலச் சுவரை மூடுகிற ரகம் மிச்சமிருக்கிற ஈரத்தையும் உள்ளே பூட்டிவிடும். பீரோவையும் கட்டிலையும் சுவரோடு ஒட்டிப் போடாமல் கையை நுழைக்கிற அளவு இடம் விடுங்கள்.

அடுத்து வருகிற முதல் மழைக்காலத்திலோ குளிர்காலத்திலோ டார்ச் எடுத்துக்கொண்டு அந்த இடுக்குக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள், மூக்கையும் நீட்டுங்கள். மக்கல் வாடை வந்தால் பெயிண்ட்டைத் தேடி ஓடாமல், பென்சிலை எடுத்து இன்றைய தேதியோடு ஒரு கோடு போடுங்கள்.